ஆறாவது தட்டல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இது எனக்கே நடந்தது. பிரேசிலில், ஊரோ ப்ரேதோ மலைநகரத்தில், நான் பல்கலைக்கழகம் சேர்ந்த முதல் வருடம்.

என் பெயர் ஜுசாரா. ஆற்றங்கரை ஊரிலிருந்து போனவள் என்பதால், மாணவிகள் வீட்டில் எனக்கு 'ஆத்துமீன்' என்று பெயர் வைத்தார்கள். மூத்தவர்கள் ஆறு பேர். புதியவள் ஆறு மாதம் எல்லோருக்கும் முன்னால் எழுந்து காபி போட வேண்டும், வீடு பெருக்க வேண்டும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. கடைசியில் ஆறு பேரும் சம்மதித்தால்தான் அந்த வீட்டில் நிரந்தர இடம். ஒருத்தி வேண்டாம் என்றாலும் வெளியே. வெளியே அறை எடுக்க அப்பாவால் முடியாது. இடம் போனால் படிப்பும் போச்சு.

புதியவளின் சாமான்களை மூத்தவர்கள் அவ்வப்போது அறை முழுக்க வாரி இறைப்பார்கள். 'காத்து அடிச்சுது' என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முகம் சுளிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். அதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

ஆனால் மூன்று முறை வேறு மாதிரி நடந்தது. வகுப்பு முடிந்து வந்தால் என் துணிகள் அழகாக மடித்து, பெட்டியில் அடுக்கி, பெட்டி வாசலில் இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கோ என்னைப் பிடிக்கவில்லை என்று புரிந்தது. சொரயாவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆறு பேரில் அவள் மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். அழுகையாக வந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தினமும் அதிகாலை 5.20க்கு, நான் காபி போட எழ வேண்டிய நேரத்தில், என் தலைமாட்டுச் சுவரில் ஒரு தட்டல் கேட்கும். டொக். ஒரே ஒரு தடவை. நான் தூங்கிப்போகாமல் பக்கத்து அறைக்காரி எழுப்பிவிடுகிறாள் என்று நினைத்தேன். கோணல்மாணலான அந்தப் பழைய வீட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் யார் அறை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. யாராக இருந்தால் என்ன? இங்கே எனக்கும் ஒரு தோழி இருக்கிறாள்...

நன்றி சொல்வது போல நானும் ஒருமுறை தட்டுவேன். டொக்.

ஆறு மாதம் முடிந்து, எனக்கு இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் நாள் வந்தது. இரவு எட்டு மணி. வெளியே பனி மூட்டம். சமையலறை மேசையைச் சுற்றி ஆறு பேர், ஓரத்தில் நான். வீட்டுத்தலைவி கெய்லா அப்போதுதான் வழக்கத்தைச் சொன்னாள். அதுவரை புதியவளுக்குச் சொல்லக் கூடாதாம்.

"விளக்க அணைச்சிடுவோம். உன்னை வேணும்கிறவ மேசைய ஒரு தடவ தட்டுவா. ஆறு கேட்டா நீ எங்கவ."

விளக்கு அணைந்தது.

டொக். டொக். டொக்... டொக்.

ஐந்தாவது கொஞ்சம் தள்ளி வந்தது.

பிறகு அமைதி... என் மூச்சு எனக்கே கேட்டது. அப்பா முகம் நினைவுக்கு வந்தது.

டொக்.

ஆறு!

விளக்கு எரிந்தது. கட்டிப்பிடித்தார்கள், தலையில் பீர் ஊற்றினார்கள். நான் சிரித்தேன். ஆனால் முழங்காலில் ஒரு அதிர்வு மிச்சமிருந்தது. கடைசித் தட்டல் மேசையின் மேலிருந்து வரவில்லை.

அடியிலிருந்து வந்தது.

சொரயா மட்டும் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. என்னைத் தனியாக இழுத்துப்போனாள்.

"நான் தட்டவே இல்லடி."



"பொட்டிய அடுக்கி வச்சதும் நான்தான். நீ கோவிச்சுக்கிட்டாவது போயிடுவேன்னு பாத்தேன். உனக்கு முன்னாடி உன் ரூம்ல நான் ஒரு மாசம் இருந்தேன். சொவத்துல தட்டுமே... கேட்டியா?"

தலையாட்டினேன்.

"நீ திருப்பித் தட்டினியா?"

"...தினமும்."

சொரயா என் கையை விட்டாள்.

"அந்தச் சொவத்துக்குப் பின்னாடி ரூமே கிடையாது. வெறும் மலைப் பாறை."

அன்றிரவே என் மெத்தையை அவள் அறைக்கு இழுத்துப் போட்டாள். படிப்பு முடியும்வரை அங்கேதான் படுத்தேன். சொரயாதான் எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் தோழி.

என் கடைசி வருடத்தில், ஊர்த் திருவிழாவுக்கு, பல வருடம் முன்பு அதே வீட்டில் தங்கிப் படித்த ஒரு பெண்மணி வந்திருந்தார். நான் முதலில் இருந்த அறையின் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் காலத்தில் அங்கே இருந்த புதியவளுக்கு ஐந்து தட்டல்தான் விழுந்ததாம். விளக்கைப் போட விடாமல், "இன்னும் ஒண்ணு... இன்னும் ஒண்ணே ஒண்ணு..." என்று இருட்டிலேயே கெஞ்சினாளாம்.

அதற்கு மறுநாள் காலை 5.20க்கு அந்த வீட்டில் காபி போட அவள் எழுந்திருக்கவே இல்லையாம்.