கெண்டைக்கால் கட்டு

ரிக்‌ஷாக்காரனுக்குச் சோறு போடுவது கை என்று ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பார்கள். சோறு போடுவது கெண்டைக்கால். காலை நம்பிப் பிழைக்கும் தபால்காரர்களே, மூட்டை சுமப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருடங்களில் நான் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வண்டி இழுத்தேன்.

ஏறச் சொன்னவர்

எங்கள் ரிக்‌ஷாக் கொட்டகையில் ஒரு வழக்கம். சேலைக் கரையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுவோம். கட்டாவிட்டால் பலமெல்லாம் பாதம் வழியே ரோட்டுக்கு இறங்கிவிடுமாம். எல்லோரையும்விட நான் இறுக்கிக் கட்டினேன். கொஞ்ச தூரம் ஓடினால் கெண்டைக்கால் மரத்துக் கல்லாகிவிடும். நின்றால் வலி போகும், ஓடினால் வரும்.

ஒருநாள் துணிக்கடை முஸ்லிம் முதலாளி, நானா ஒருவரை மருதானை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனேன். நாலாவது தடவை நின்றபோது அவர் இறங்கி என் முன்னால் வந்தார். "இஞ்ச பாரு, நீ ஏறி இரி. நான் இழுக்கிறன். ரயிலாவது கெடைக்கும்."

மாயாண்டியின் வைத்தியம்

நானா சும்மா விடவில்லை. வண்டிச் சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வண்டி வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். வண்டி போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சிகூட இல்லை. கொட்டகையில் என்னோடு வண்டி இழுத்த மாயாண்டியிடம் காலைக் காட்டினேன். அவன் கட்டைத் தடவிப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடித்தான். "இன்னொரு சுத்து சுத்து. வலிக்குதுன்னா பலம் ஏறுதுன்னு அர்த்தம்."

டாக்டரின் விரல்

மறுநாள் ஏறியவர் வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர். கொட்டாஞ்சேனையில் நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு மருதானையில் ரயில் பிடிக்க வந்தார். இரண்டு தெரு தாண்டுமுன் நின்றுவிட்டேன். வண்டி போச்சு என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் இறங்கிக் குனிந்து என் பாதத்தில் விரலை வைத்தார். பாதம் சில்லென்று இருந்தது. கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஓடுகிற தசைக்கு இரத்தம் கூடுதலாகப் போகவேண்டும், போகாவிட்டால் சீக்கிரம் களைத்துவிடும், நானோ வாய்க்காலை அடைத்துவிட்டு வயலை விளையச் சொல்கிறேன் என்றார். அவிழ்த்ததும் காலெல்லாம் எறும்பு ஊர்ந்தது, பிறகு சூடேறியது. மருதானை வரை நிற்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் ஸ்டேஷன் மணிக்கூட்டைப் பார்த்தார். "ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நீர் இப்பிடி ஓடுவீர் எண்டு தெரிஞ்சிருந்தா அந்த வீட்டில தந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டே வந்திருப்பன்."

வண்டி என்னிடமே இருந்தது. கட்டும் காலில் இருந்தது, மாயாண்டி மனம் நோகக்கூடாதே என்று, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக.