வரி வரியாக வந்த படம்

அந்தப் பழைய கம்ப்யூட்டரை என் கணவர் கரையான்சாவடியில் ஒரு காயலான் கடையிலிருந்து வாங்கினார். நானும் உடன் போயிருந்தேன். பழுப்பேறிய பெட்டி, முதுகு வீங்கிய மானிட்டர். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், இத்த ஊட்டுக்கு எட்துகினு போய் இன்னா பண்ணப் போறே? ஒடைக்கத்தான் வெச்சிகினு இருந்தேன்."

"ஓட்டிப் பாக்கணும்ணே" என்றார் இவர்.

ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "எங்க காலேஜ் லேப்ல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஒரு படம் போடும். வரி வரியா வரும். பாதி வர்றதுக்குள்ள எங்களை வெளிய அனுப்பிருவாங்க. முழுசா நான் பாத்ததே இல்ல."

"இப்போ போன்லயே ஒரு செகண்டுல வந்துடுமே?"

"வருது. ஆனா வர்றதைப் பாக்க முடியலையே."

அண்ணனூரில் எங்கள் ஃபிளாட்டின் ஜன்னலோரம் அதை வைத்தார். படம் வரைகிற புரோகிராமைத் தானே எழுதினார். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, விடைக்குத் தக்க நிறத்தை அந்தப் புள்ளியில் வைக்கும் புரோகிராம் அது. காலையில் ஓடவிட்டுவிட்டு ஆபீஸ் போவார். படம் முடியச் சாயங்காலம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏதாவது வேலை வந்து, நாள் முழுக்க அதன்முன் உட்கார விடாது.

தொழிற்பேட்டையில் நான் ஈயம் உருக்கி ஒட்டும் சால்ட்ரிங் வேலை பார்த்த கம்பெனி மூடியபின், பகலில் வீட்டில் நான் மட்டும்தான். படம் என்னோடுதான் வளர்ந்தது. முதலில் வெறும் நீலம். துணி காயப்போட்டுத் திரும்பினால் நீலத்தில் ஊதா கசிந்திருக்கும். பக்கத்து ரயில் ஷெட்டுக்குள் போகும் வண்டியின் இரைச்சலில் கண் அயர்ந்து எழுந்தால், திரையில் ஒரு கடற்கரை விரிந்திருக்கும். அது நான் தூக்கத்தில் பார்த்த கரையா, விழித்துப் பார்த்த கரையா என்று சில நாள் எனக்கே தெரியாது.

இவர் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். "இன்னைக்கு எப்படி வந்துச்சு?" என்று ஷூவைக் கழற்றியபடியே கேட்பார்.

"மத்தியானம் ஒரு வால் மொளைச்சுது. அந்த வாலுக்குள்ள இன்னொரு குட்டி" என்பேன். அதற்குமேல் சொல்லத் தெரியாது. கண்ட கனவைச் சொல்வதுபோல, சொல்லச் சொல்லக் கரைந்துபோகும்.

ஒருநாள் இவர் வருவதற்குச் சற்று முன் கரண்ட் போனது, அன்றைய படமும் அதோடு போனது. தோளில் பையோடு கறுத்த திரை முன்னால் நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"இத்த வேகமாக்க முடியாதா? சால்ட்ரிங் நான் பண்றேன்."

முடியும் என்றார். மதர்போர்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளி டப்பி இருந்தது, கிரிஸ்டல். அது துடிக்கும் வேகத்தில்தான் மொத்த கம்ப்யூட்டரும் நடக்கும். பக்கத்தில் கணக்குக்கென்றே தனியாக ஒரு சிப் வைக்கும் இடம் காலியாகக் கிடந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து அந்த சிப்பையும் வேகமான கிரிஸ்டல்கள் சிலவற்றையும் வாங்கி வந்தார்.

பழைய கிரிஸ்டலை நான் சூடுகாட்டிக் கழற்றினேன். வேறு வேறு கிரிஸ்டல்களை மாற்றிப் பார்க்க வசதியாக அங்கே ஒரு சின்ன சாக்கெட் வைத்தேன். புது சிப்பைக் காலி இடத்தில் செருகினேன். ஈயப் புகையின் வாசனை வந்ததும் என் விரல்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. இவர் டார்ச்சைப் பிடித்தபடி மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

முதலில் வைத்த கிரிஸ்டலுக்குப் படம் பாதியில் உறைந்தது.

"அவ்வளவுதான், போச்சு" என்றார்.

நான் சிப்பைத் தொட்டேன். சுட்டது. "போவல. சூடு தாங்கல, அவ்ளோதான்." செத்துப்போன ஆம்ப்ளிஃபயரிலிருந்து அலுமினியத் துண்டு ஒன்றைக் கழற்றி அதன்மேல் பொருத்தி, ஒரு குட்டி ஃபேனும் வைத்தோம். வேகம் சற்றுக் குறைந்த இன்னொரு கிரிஸ்டலை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்து இருவரும் தரையில் உட்கார்ந்தோம். நீலம் வந்தது, ஊதா கசிந்தது, கரை விரிந்தது. பகல் முழுக்க நான் தனியே பார்த்திருந்தது எல்லாம், மதியச் சமையலுக்கு எழுவதற்குள் எங்கள் இருவர் கண்ணெதிரே நடந்தது.

"வால் எங்க?" என்று கேட்டார்.

"இரு, வரும்."

வந்தது. என் கையைப் பிடித்திருந்த இவர் பிடி இறுகியது.

கடைசி வரி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "எந்த இடத்தைப் பெருசாக்கலாம், சொல்லு."

கரை ஓரமாக, வெகுநாளாய் என் கண்ணை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மூலையைக் காட்டினேன். இவர் எண்களை மாற்றினார். அங்கே என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. முதல் வரி, இந்த முறை பச்சையில், மெல்ல ஊர்ந்து வந்தது.