தையல்கார அக்கா வாயைக் கட்டிய கதை

தையல்கார அக்காவுக்குக் கை எவ்வளவு சுத்தமோ, வாய் அவ்வளவு நீளம். அளவெடுத்தால், மெஷினில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் எழுதிக்கொள்ள வேண்டுமென்று கத்திச் சொல்வாள். "இடுப்பு முப்பத்தாறு! போன தடவைக்கு ரெண்டு கூட, வீட்டுல நல்ல கவனிப்பு போல!" காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அளவு கொடுத்தவளும் வேறு வழியில்லாமல் சிரித்துவைப்பாள்.

எதிர்க் கடையில் மருந்து விற்கும் அம்மாவின் மகளைச் சின்ன வயதிலிருந்தே 'பூசணி' என்றுதான் கூப்பிடுவாள். பாசமாகத்தான். கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்தப் பெண் தொளதொளத்துப்போன இரண்டு சட்டைகளைக் கொண்டுவந்து பிடித்துத் தரச் சொன்னாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். "அடி பூசணி, கொடியாயிட்டியே! இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கே."

இரண்டு மாதத்தில் அதே சட்டைகள் திரும்ப வந்தன. பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் முறை டேப்பைச் சுற்றும்போது விரலில் விலா எலும்பு தட்டியது. வெயில் மண்டையைப் பிளந்த மத்தியானத்தில் அவள் கை சில்லிட்டிருந்தது. வாய்வரை வந்த அளவை அக்கா விழுங்கினாள்.

"இடுப்பு எவ்வளவுக்கா?"

"அது கெடக்குது. சாப்பிட்டியா கண்ணு?"

"ஆச்சு. இங்க இன்னும் தொங்குது பாருங்க, நல்லா பிடிங்க."

தொங்கியது துணி. அவள் கிள்ளிக் காட்டியதோ வயிற்றை.

"இதுக்கு மேல பிடிக்க மாட்டேன்டி. நீ நல்லா இல்ல."

"லட்சணமா இருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க?" சட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது அக்காவுக்கு. டேப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு தெருவைக் கடந்துபோய், மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பார்த்ததைச் சொன்னாள். "என் வாயும் ஒரு காரணம்" என்றாள்.

தாய் கல்லாவை மூடினாள். "தட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுவாக்கா. படிக்கிறாள்னு நினைச்சேன். ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கற கை இது."

டாக்டர், அப்புறம் மனநல டாக்டர், நடுவில் பத்து நாள் ஆஸ்பத்திரி. சுலபமாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் அக்கா கடைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அக்கா அளவெடுக்கக் கடை மூலையில் திரை போட்டாள். அளவைத் தானே சீட்டில் குறித்து மடித்து வைத்தாள். "உங்க வாய்க்கு யாரு அண்ணி பூட்டு போட்டது?" என்று நாத்தனார் கேலி செய்தாள். யாராவது "என் வயிறு இருக்கே" என்று ஆரம்பித்தால், "வயிறு இருக்கற இடத்துலதான் இருக்கு. சரி பண்ண வேண்டியது துணியைத்தான்" என்பாள். இளம்பெண்கள் தோழிகளையும் கூட்டி வந்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து மருந்துக்கடை அம்மாவின் மகள் புதுத் துணியோடு வந்தாள். அக்கா எழுந்து நின்றாள். "உன் உடம்பைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது கண்ணு."

"இன்னும் சில நாள் தட்டைப் பார்த்தா பயம் வருதுக்கா. அப்பல்லாம் அம்மாகிட்ட சொல்லிடறேன்."

திரைக்குள் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அளவு எவ்வளவென்று கேட்கவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் பாக்கெட் வைங்க," என்றாள், "நல்லா ஆழமா."