எல்லோருக்கும் தெரிந்த வீடு

போடியில் பழைய கிட்டங்கிச் சந்து என்றால் ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வந்தால் திரும்ப இடமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தாறு வீடு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டது, எல்லாமே தண்ணிக் குழாய்க்கு வந்து சேர்ந்துவிடும். சுற்றிலும் ஏலக்காய் குவித்துவைக்கிற கிட்டங்கிகள்தான், ஆனால் அந்த வாசனைகூட எங்களுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் யாராவது மூக்கை உறிஞ்சி, "என்னா மணம்!" என்று சொன்னால்தான் ஞாபகம் வரும்.

சந்திரவல்லி கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சிலமலைக்காரி. அவளுடைய அப்பா கொஞ்சம் நிலத்தை விற்று இந்த வீட்டை அவள் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தார். வந்த புதிதில் ஜீப்பு ஆரனுக்கும் குழாயடிச் சண்டைக்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பிறகு பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் இருபதாம் நாளே பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டாள். "அங்கிட்டு ஒரு சத்தமும் இல்லண்ணே, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவளுக்கு நான் கடைக்காரண்ணன்.

அவள் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். வெடித்த காய், நிறம் போன காய் எல்லாவற்றையும் தனியே பிரிக்க வேண்டும். புருசன் மொக்கச்சாமி ஜீப்பு ஓட்டினான். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவான். வாரத்தில் மூன்று நாள் அங்கேயே தங்கிவிடுவான். பூப்பாறைப் பக்கம் லோடு இருக்கிறது என்று சொல்வான்.

சந்தில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக நிற்பவள் சந்திரவல்லிதான். என் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது ஆசுபத்திரிக்கு எனக்கு முன்னால் அவள் போய் நின்றாள். அடுத்த வீட்டு ஜாக்குலின் தையல்காரி. ஜாக்குலினுடைய புருசன் எட்வர்டுக்கு வயிற்றில் ஆபரேசன் ஆனபோது இருபது நாள் அந்த வீட்டுக்கும் சேர்த்து இவள்தான் உலை வைத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஜாக்குலின் தையல் மெசினை நிறுத்தினால், "என்னாடி, நூலு அந்துருச்சா?" என்று இந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். "சந்துல இருக்கறவளுக்குச் சொந்தக்காரங்க எதுக்கு?" என்று அடிக்கடி சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தெரியாத ஒன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அது தெரியவந்தது ஒரு பிறப்புச் சான்றிதழால். மொக்கச்சாமி அதை நகல் எடுக்கக் கொண்டுவந்தான். பெண் குழந்தை. தாய் பெயர் சுஜாதா, தகப்பன் பெயர் மொக்கச்சாமி, முகவரி மலைமேல் ஒரு தோட்டத் தொழிலாளர் லயம். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அண்ணே, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றான். சரி என்று தலையாட்டினேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டீக்கடை யோசேப்பு ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "மொக்கச்சாமி ரெண்டு வீட்டையும் நல்லாத்தான் பாத்துக்கிறான்" என்றார். குழாயடியில் சந்திரவல்லி வந்ததும் பேச்சு மாறுவதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஆறு வருசம் அப்படியே போனது.

நான்கு வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் மலைக்குப் போகிற போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்தது. ஜீப்பு ஒன்றின்மேல் மரம் விழுந்துவிட்டதாகக் காலை ஒன்பது மணிக்குச் சேதி வந்தது. யார் ஜீப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. கிட்டங்கியிலிருந்து சந்திரவல்லி ஓடிவந்தாள். சேலையெல்லாம் ஏலக்காய்த் தொலி ஒட்டியிருந்தது. மொக்கச்சாமியின் போன் எடுக்கவில்லை. அவளுடைய மகள் சுசித்ரா தேனியில் நர்சிங் முதல் வருசம். அவளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள்.

சந்தே அவள் வாசலுக்கு வந்துவிட்டது. யோசேப்பு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருத்தி அவள் தலையைத் துவட்டினாள். ஜாக்குலின் காப்பி கொண்டுவந்து வாயருகே நீட்டினாள். சந்திரவல்லி அதைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நான் போறேன். மலையடியில முந்தல் வரைக்கும் பஸ்சு இருக்குல்ல. அங்கிட்டு நடந்துக்கிறேன்."

"இந்த மழையிலயா? வேணாம்க்கா."

"என்னைய விடு ஜாக்குலினு. அவுகளுக்கு என்ன ஆச்சோ."

வாசலை மறித்துக்கொண்டு ஜாக்குலின் அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, சொன்னாக் கேளு. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் எனக்குப் போன் வந்துச்சு. நேத்து மத்தியானத்துல இருந்து வண்டியே எடுக்கலையாம். வீட்டுலதான் இருக்காராம்."

சந்திரவல்லியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகுதான் கேட்டாள்.

"எந்த வீட்டுல?"

அந்தச் சந்தில் அவ்வளவு பேர் கூடி நின்று ஒருவரும் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். சந்திரவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கப் பார்க்க ஒவ்வொருவரும் குனிந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று யோசேப்பிடம் கேட்டாள். அவர் போனைத் துடைத்தார்.

"அண்ணே, உங்களுக்கு?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்மா" என்றேன்.

"எத்தன வருசமா?"

"ஆறு."

அவள் அழவில்லை. யோசித்துக்கொண்டே ஜாக்குலின் பக்கம் திரும்பினாள். "போன தீவாளிக்கு மஞ்சக் கவுனு ஒண்ணு தச்சியே. சோலி குமிஞ்சு கெடக்கு, கொக்கி மட்டும் வச்சுக் குடு யக்கான்னு எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தியே. மலையில இருந்து வந்த ஆர்டருன்னியே. அது அந்தப் பிள்ளைக்கா?"

ஜாக்குலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"பிள்ளைக்கு அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள் சந்திரவல்லி. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ரோடு திறந்தது. தோட்டத்துப் பெண்களோடு வேறொரு ஜீப்பில் ஏறி மலைக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பின்னால் சுசித்ரா சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். மொக்கச்சாமி அப்போது அங்கே இல்லை. வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான். சுஜாதா சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. இவளை அடையாளம் தெரிந்துகொண்டு, "உள்ள வாங்கக்கா" என்று பாயை விரித்திருக்கிறாள். சண்டை போடப் போனவள் அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு இனிப் பிள்ளை தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம், நீங்களே சம்மதம் குடுத்தீங்களாம். அப்படித்தான் அவரு சொன்னாரு" என்றாள் சுஜாதா. "பொய்யா இருந்தா உங்க தெருக்காரங்க இங்க வருவாங்களாக்கா? நான் அத வச்சுத்தான் நம்புனேன்."

சுவரில் குழந்தைக்குக் காது குத்திய படம் தேதியோடு மாட்டியிருந்தது. மொக்கச்சாமி மடியில் பிள்ளை. பின்னால் எட்வர்டும் ஜாக்குலினும், யோசேப்பும், இன்னும் சந்துக்காரர்கள் நாலு பேரும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருசம் அதே வாரம் எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜாக்குலின் வீட்டு மீன் தொட்டிக்கு மூன்று நாள் தீனி போட்டது இவள்தான்.

கீழே வந்ததும் மொக்கச்சாமியின் துணிமணிகளை இரண்டு சாக்கில் கட்டி வாசலில் வைத்தாள். அவன் வந்து நின்று, "உனக்கு நான் என்ன கொற வச்சேன்?" என்று கத்தினான். சாக்கைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனவன் அதற்குப் பிறகு சந்துப் பக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் அவளிடம் பேசப் போனோம். எப்போதும் சந்தில் அப்படித்தான். யார் வீட்டில் பிரச்சினை என்றாலும் நாலு பேர் போய் உட்கார்ந்து பேசுவோம். அவள் உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றபடியே நாங்கள் சொல்வதைக் கேட்டாள்.

"வயசுக்கு வந்த பிள்ள இருக்கு. குடும்பம் கலைஞ்சிரக் கூடாதுன்னுதாம்மா நாங்க வாயத் தொறக்கல" என்றார் யோசேப்பு.

"அந்த ஆளு எங்கிட்டப் பொய்யி சொன்னாரு. சரி. புருசன் பொண்டாட்டிக்குள்ள எத்தனையோ வீட்டுல நடக்குது" என்றாள். "நீங்க இருபத்தஞ்சு வீடும் தெனமும் எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சீங்களே. கொடத்த எறக்கி வச்சுட்டு, 'அண்ணன் எப்ப வர்றாரு'ன்னு எங்கிட்டயே கேட்டீங்களே. நான் ஒருத்தி வெகுளியா, 'லோடு இருக்காம், வெள்ளிக்கெழமதான்'னு பதிலு சொன்னேனே. அப்ப என் முதுகுக்குப் பின்னாடி என்ன பேசுனீங்க?"

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் நாங்கள் பேசியது கொஞ்சநஞ்சமில்லை. நான் சொல்லியிருக்கலாம். நம் வாயால் எதற்கு என்று நினைத்தேன். ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

அவள் வீட்டை விற்கவில்லை. "என் அப்பா வாங்கிக் குடுத்த வீடு. நான் எதுக்குப் போகணும்?" என்று மகளிடம் சொன்னாளாம். ஆனால் சந்தோடு பேச்சை அறுத்துவிட்டாள். குழாயில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் தண்ணீர் பிடித்தாள். கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. ஜாக்குலின் ஒருநாள் மீன்குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. ஈ மொய்த்ததும் ஜாக்குலினே எடுத்துப்போய்க் கொட்டினாள். சந்திரவல்லிக்குக் காய்ச்சல் கண்டு இருமிய நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாக்குலின் மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள் என்று எட்வர்டு சொன்னார். கூப்பிட்டால் ஓடலாம் என்று. அவள் கூப்பிடவில்லை.

சுசித்ரா மட்டும் ஊருக்கு வரும்போது எங்களைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். "அம்மா முன்ன மாதிரி இல்ல மாமா" என்றாள் ஒருநாள். "பரீட்ச முடிஞ்சிருச்சுன்னு சொன்னாக்கூட, நெசமாத்தான் சொல்றியான்னு ரெண்டு தடவ கேக்குது."

இந்த வைகாசியில் சுசித்ராவுக்குத் தேனியில் கல்யாணம். மாப்பிள்ளை அவளோடு ஆசுபத்திரியில் வேலை பார்க்கிற பையன். பத்திரிகை அச்சடித்தவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். எங்கள் சந்தில் கல்யாணப் பத்திரிகையை ஒரு வீடு விடாமல் வைப்பது வழக்கம். சண்டைக்காரர் வீட்டுக்குக்கூட வைப்பார்கள். சந்திரவல்லி எந்த வீட்டுக்கும் வைக்கவில்லை. கடைசி நாள் வரைக்கும் வைப்பாள் என்று எதிர்பார்த்தோம்.

கல்யாணத்தன்று காலையில் வேன் சந்து முனையில் வந்து நின்றது. சந்திரவல்லி கதவைப் பூட்டிக்கொண்டு மகளோடு நடந்து வந்தாள். முன்னால் சிலமலையிலிருந்து வந்த அவளுடைய தம்பி. பின்னால் கிட்டங்கியில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் சீர்த்தட்டு ஏந்தி வந்தார்கள். அந்த ஒரே வழியில்தான் வரவேண்டும். எல்லா வாசலிலும் நாங்கள் நின்றோம். ஜாக்குலின் பட்டுச்சேலை கட்டித் தலையில் பூ வைத்திருந்தாள். சுசித்ரா அவளைப் பார்த்து நடையைக் குறைத்தாள். சந்திரவல்லி மகளின் முழங்கையைப் பிடித்து, "வெரசா வா, நேரமாச்சு" என்றாள். எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜாக்குலின் சேலையை மாற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரை ஆனபோது சந்தில் யாரும் யாரோடும் பேசவில்லை.