கொளஞ்சியம்மாள் எடுத்த மாதிரி

மரக்காணத்து உப்பளங்களில் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் கொளஞ்சியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மெட்ராஸ் வியாபாரிக்கு மாதிரி உப்பு அனுப்ப வேண்டியிருக்கும். அளத்துக்காரர் தட்சணாமூர்த்தி ஒரு வெள்ளைத் துணிப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிடுவார். குவியலுக்கு அடியில் சேறு பட்ட உப்பு இருக்கும், மேலே தூசி படிந்தது இருக்கும். அவள் இரண்டையும் தொடமாட்டாள். நடுவில் கையை விட்டு, வெளுத்த கல்லாகப் பார்த்துப் பொறுக்குவாள். பையைத் திறந்து பார்க்கும் வியாபாரி மறுபேச்சு பேசமாட்டான். பிறகு லாரியில் ஏறுவது என்னவோ எல்லா உப்பும்தான். இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொன்னதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணைக் கிழிந்த புடவையோடா நிறுத்துவோம் என்பாள் அவள்.

இந்தக் கைதான் அவளைக் கெடுத்தது.

இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி கலியன் வீட்டுக்கு வந்தவள் கொளஞ்சியம்மாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. உப்பு வாரித் தம்பியை ஆளாக்கினாள், பிரம்மதேசத்தில் பெண் பார்த்துக் கட்டியும் வைத்தாள். அந்தப் பெண் ஜெயா நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்கு நடுவில் பிறந்தவள். இங்கே வந்த புதிதில் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் முகத்தைச் சுளித்தாள். நாத்தனாருக்கு அதில் கோபம் வந்ததுண்டு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் ஒரே பலகையை மாற்றி மாற்றிப் பிடித்து உப்பு வாரியவர்கள். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லாத ஜெயாவை வேறு யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் முதலில் சண்டைக்குக் கிளம்புகிறவள் கொளஞ்சியம்மாளாகத்தான் இருப்பாள்.

சுனாமியில் கடல் உள்ளே வந்த அந்த மார்கழிக்குப் பிறகு தெருக் கைபம்பில் வாய் வைக்க முடியாமல் போயிற்று. கொஞ்ச நாள் லாரியில் தண்ணீர் வந்தது. அப்புறம் லாரிக்கும் ஊர் மறந்துபோயிற்று. பெண்கள் ஓடைக்கரை மணலில் குழி தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். ஜெயா மட்டும் பிடிவாதமாக இரண்டு கல் நடந்து, மேட்டு நிலத்துக் கிணற்றிலிருந்து குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவருவாள். ஓடையின் நாற்றம் ஊற்றிலும் வருகிறது என்பாள். அவள் சொன்னது சரிதான்.

அந்த ஓடை பாண்டிச்சேரிப் பக்கம் கிளம்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து, மறுபடி பாண்டி மண்ணில் கொஞ்சம் ஓடி, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து உப்பங்கழியில் விழுகிறது. எல்லைக்கோடு அங்கே எலி கடித்த துணி. மேலே தெருச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்தன. கெடுத்தது யார் என்று கேட்டால் இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கத்தைக் காட்டுவார், அந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கத்தைக் காட்டுவார். 2005 பங்குனியில் எப்படியோ இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கூட்டுக் குழு வைத்தார்கள். ஓடையின் மேல் பகுதியில் இரண்டு இடத்தில் பாண்டிக்காரர்கள் தண்ணீர் எடுப்பது, கழியில் விழும் கடைசி இடத்தில் ஊர்க்காரர்களே எடுப்பது, கடைசி இடத்துத் தண்ணீர் கெட்டிருந்தால் இரண்டு அரசும் சேர்ந்து சாக்கடையைத் தடுத்துக் கரையோரத் தெருக்களுக்குக் குழாய் போடுவது என்று முடிவாயிற்று. நல்ல ஏற்பாடு. அதில் பழுது சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து வினோதினி என்ற இளம்பெண் பதினாறு பாட்டில்களோடு வந்தாள். வாரத்துக்கு ஒரு மாதிரி எடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றாள். தட்சணாமூர்த்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாதிரி எடுக்கிறதுல எங்க கொளஞ்சியம்மாளை மிஞ்ச இந்தக் கரையில ஆள் கிடையாதுங்க" என்றார். கொளஞ்சியம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வினோதினி எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பாட்டிலை மூன்று தடவை அலசுவது, உள்ளே விரல் படாமல் பிடிப்பது, மூடியை இறுக்குவது, தேதி எழுதி ஒட்டுவது. எந்த நேரத்தில் எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. மாதிரி என்றால் என்ன என்றும் சொல்லவில்லை. அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

கொளஞ்சியம்மாள் பதினாறு வாரமும் ஒரு வாரம் தவறவில்லை. அளத்தில் வேலை செய்கிறவளுக்குக் கடல் தண்ணீர் ஏறும் நேரம் அத்துபடி. தண்ணீர் வற்றினால் ஓடை மை போலக் கிடக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஏறினால் கடல் உள்ளே வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கண்ணாடியாக நிற்கும். அவள் ஏறும் நேரம் பார்த்து, நடு ஓடைவரை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தூசி துரும்பு இல்லாத இடமாகப் பார்த்து முக்கி எடுத்தாள். படித்த பெண் ஊரை நம்பிக் கேட்டிருக்கிறாள், அவளிடம் அழுக்குத் தண்ணீரையா கொடுப்பது? மேலேயிருந்து வரும் பாண்டிக்காரர்கள் பாட்டிலுக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பாட்டில் தலைகுனிந்து நிற்கலாமா? உப்புக்கு எப்படியோ அப்படித்தான் தண்ணீருக்கும்.

ஆடி மாதம் அறிக்கை வந்தது. மேலே கெட்டிருந்தாலும் ஓடை கழியைச் சேர்வதற்குள் தானாகவே தெளிந்துவிடுகிறது, கடைசி இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள். குழு கோப்பை மூடியது. குழாய்ப் பேச்சு நின்றது. தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். கொளஞ்சியம்மாளோ அந்தத் தாளைத் தன் பாராட்டுப் பத்திரமாகவே எடுத்துக்கொண்டாள். அவள் பொறுக்கிக் கொடுத்த தண்ணீர்தான் அது. ஆனால் மெஷினில் போட்டுப் பார்த்துப் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள் என்றதும் அவளே அதை நம்பிவிட்டாள். தன் கையை மறந்துபோனாள். இப்போது நினைத்தாலும் அவளுக்கு விளங்காத இடம் அதுதான்.

அந்த ஆடியில்தான் ஜெயா முழுகாமல் இருப்பது தெரிந்தது, நாலாம் மாதம். ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. கொளஞ்சியம்மாள் அவளைத் தரையில் நடக்கவிடவில்லை. முதலில் நிறுத்தியது அந்த இரண்டு கல் நடையைத்தான்.

"இனிமே தலையில குடம் வெக்காத. ஊத்துத் தண்ணியே போதும்" என்றாள்.

"நாத்தம் வருதே அண்ணி."

"எல்லாம் உன் மனசுதான். நல்ல தண்ணின்னு எழுதியே குடுத்துட்டாங்க. நான் எடுத்துக் குடுத்த தண்ணிம்மா அது, என்னை நம்ப மாட்டியா?"

ஜெயா நம்பினாள். கொளஞ்சியம்மாளே தினம் ஊற்றில் அகப்பையால் தெளிவாக மொண்டு, துணியில் வடிகட்டி, குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தாள். காய்ச்ச வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஜெயாவுக்குக் கண் மஞ்சளாயிற்று. தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கும் காமாலை. அவர்கள் கீழாநெல்லியும் பத்தியமுமாகத் தேறிவிட்டார்கள். ஏழு மாத வயிற்றோடு இருந்தவளுக்கு அது அடங்கவில்லை. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "நல்ல தண்ணிதாங்க, கவுருமெண்டுல டெஸ்ட் பண்ண தண்ணி" என்று முந்திக்கொண்டு சொன்னவளும் கொளஞ்சியம்மாள்தான். மூன்றாம் நாள் பிள்ளை போயிற்று. ஆண் பிள்ளை. ஜெயா பிழைத்து, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள்.

தை மாதம் வினோதினி மறுபடி வந்தாள், காமாலை வந்த வீடுகளைக் கணக்கெடுக்க. அவள் ஓடைக்கரைக்குப் போன நேரம் தண்ணீர் வற்றிக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தவள், "நீங்க எடுத்தப்போ இப்படி இல்லியே" என்றாள்.

கொளஞ்சியம்மாள் தான் எடுத்த விதத்தை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது பாதிவரை குரலில் பழைய பெருமைகூட இருந்தது. வினோதினி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாதிரின்னா நல்லதாப் பாத்துப் பொறுக்கறது இல்லீங்கம்மா. எப்பவும் எப்படி இருக்குதோ, அப்படியே எடுக்கணும்" என்றாள். பிறகு, "நான் சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்புதான்" என்றாள்.

தப்பில் பங்குக்கு ஆள் வந்தால் பாரம் குறையும் என்பார்களே, கொளஞ்சியம்மாளுக்குக் குறையவில்லை. அன்று சாயங்காலமே அடுப்படியில் ஜெயாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காலில் விழப் போனாள். ஜெயா காலை இழுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அதன் பிறகு ஒரு மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டுத் தட்டை வைப்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொளஞ்சியம்மாளுக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

வினோதினி மேலே எழுதிப்போட்டாள். இரண்டு பக்கத்தாரும் மறுபடி மேசைக்கு வந்தார்கள், மறுபடி பாட்டில் வந்தது, அந்த வருஷக் கடைசியில் பிரம்மதேசம் பக்கத்திலிருந்து குழாயும் வந்துவிட்டது. அதைச் சொல்லி இந்தக் கதையை இனிப்பாக முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய குழாய் அது.

இரண்டாம் தடவை முதல் பாட்டில் எடுத்தது மாசி மாதம், உச்சி வெயிலில், தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில். கொளஞ்சியம்மாள் தனியாகத்தான் கிளம்பினாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஜெயா வந்துகொண்டிருந்தாள், யாரும் கூப்பிடாமலே, பாட்டில் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

கொளஞ்சியம்மாள் முழங்கால் அளவு சேற்றில் இறங்கினாள். பாட்டிலை அலசினாள். குனிந்தவளின் கை, முப்பது வருஷப் பழக்கத்தில், தானாகவே சற்றுத் தெளிவாக இருந்த இடத்தைத் தேடிப் போயிற்று. அவளுக்கே அது தெரியவில்லை. கரையில் நின்றவளுக்குத் தெரிந்தது.

"அங்க இல்ல அண்ணி" என்றாள் ஜெயா. ஒரு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. "இந்தப் பக்கம் எடுங்க. இங்கதான் நல்லா கறுப்பா இருக்குது."

கொளஞ்சியம்மாள் கையை அந்தப் பக்கம் நகர்த்தினாள்.