ஒன்பதாவது கதவைத் தேடி வந்தவள்

கானாடுகாத்தானில் நாகம்மை ஆச்சியின் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்பவள் ரேணுகா. வயது நாற்பத்து நான்கு. அந்த வீட்டின் தலைவாசலில் நின்றால் வரிசையாக ஒன்பது கதவுகள். கடைசிக் கதவு பின்தெருவில் திறக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகளுக்காக ஒரு கதைப்புத்தகம் எழுதினாள். அப்பாவிடம் அடிபடும் ஒரு சிறுமி, முன்னோருக்கான படைப்பு நாளில் ஒன்பது கதவையும் தாண்டி, யாரும் கை ஓங்காத நாட்டுக்குப் போய்விடுகிறாள். திரும்பி வரவே இல்லை. பத்து வயதில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து குதிருக்குப் பின்னால் ஒளிந்த ரேணுகா, அன்று ஏங்கியதும் அதற்குத்தானே!

இந்த வருடப் படைப்பும் வந்தது. முன்னோருக்குப் படைக்கப் பங்காளிகள் கூடினார்கள். அன்றுதான் எல்லாக் கதவும் ஒருசேரத் திறக்கும். பின்வாசலில் விசும்பல் கேட்டு ஓடினாள் ரேணுகா. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, கையில் அதே புத்தகம்; அதன் பின்னட்டையில் ரேணுகாவின் படமும் இந்த வீட்டு முகவரியும்.

"நீங்கதான இத எழுதுனீக? ஒம்பதும் எண்ணித்தான் வந்தேன். இங்குட்டு வெறும் தெருதான இருக்கு!"

"உம் பேரென்னத்தா?"

"தீக்ஷா. பள்ளத்தூர்லருந்து பஸ்ல வந்தேன்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். சட்டைக்கை விலகியது. கரண்டியால் சூடு போட்ட தழும்பு. ஒன்றல்ல, மூன்று.

"யாருத்தா?"

"அப்பா. அம்மாவுக்கும் விழும். திரும்பிப் போகச் சொல்லாதீக அத்தை."

ரேணுகா அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். பாவி, என்ன எழுதித் தொலைத்தேன்! இல்லாத நாட்டுக்கு வழி சொன்னவள், இருக்கிற ஊரில் யாரிடம் போவது என்று ஒரு வரி எழுதவில்லையே! குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை அழைக்கப் போனை எடுத்தாள்.

பங்காளி சத்தியமூர்த்தி பதறினார். "படைப்பு வீட்டுக்குள்ள போலீஸ் கீலீஸ்னு வந்து நிக்கணுமா? பிள்ளைய பஸ் ஏத்தி விடு."

நாகம்மை ஆச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன்டா சத்தி, பச்சப்பிள்ளை வாசல்ல நின்னு அழுகையில, உள்ள போட்ட இலைய எந்தச் சாமிடா தொடும்? நீ போயி அப்பளத்தப் பொரி. ரேணுகா, நீ பேசு."

அதிகாரிகள் வந்தார்கள். மாலைக்குள் தீக்ஷாவின் அம்மாவையும் அழைத்து வந்தார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருடத்து ஊமைக் கதையையும் அவள் கொட்டித் தீர்த்தாள். அப்பன்மேல் வழக்குப் பதிவானது. தாயும் மகளும் திருக்கோஷ்டியூரில் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள்.

இருபது நாள் கழித்துப் போன் வந்தது.

"அத்தை, இங்க தெனமும் கத்தரிக்காதான் வைக்கிறாக! வேணாம்னு தட்டத் தள்ளிட்டேன்."

அங்கேயும் அடி விழுந்திருக்குமோ என்று ரேணுகா கையிலிருந்த துடைப்பத்தை இறுகப் பிடித்தாள். "அப்பறம்?"

"'மகாராணிக்கு வேற என்ன ஆக்கட்டும்'னு மாமி கேலி பண்ணுனாக. உருளைக்கெழங்குன்னேன். வறுத்தே குடுத்துட்டாக!"

அந்தப் பக்கம் அவள் அம்மா சிரிப்பது கேட்டது. ரேணுகா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து மனசு குளிர அழுதாள்.