ஐந்தாவது பொத்தான்

நான் அன்று குடித்திருந்தேன் என்று என் மச்சான் குஸ்மாவின் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பிளாஸ்கில் இருந்தது தேநீர். சர்க்கரைகூடப் போடாத தேநீர். அதைப் போட்டுக் கொடுத்த என் மனைவி தைஸ்யா குத்துக்கல்லாட்டம் வீட்டில்தான் இருக்கிறாள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சிலதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் யெஃபிம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒனேகா ஏரி உறைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கால் வீட்டில் தங்காது. ஐஸில் துளை போட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து, தூண்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். போன குளிர்காலத்தில் அந்தச் சுகம் என் நுரையீரலில் இறங்கிவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அனுப்பும்போது டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். இன்னொரு தடவை நெஞ்சில் குளிர்காற்று ஏறினால் என்னிடம் வராதீர்கள், நேராகப் பாதிரியாரிடம் போய்விடுங்கள் என்றாள்.

இந்தக் குளிர்காலம் ஏரி உறைந்து ஒரு மாதத்துக்கு மேல் நான் கெஞ்சிய பிறகு தைஸ்யா என் பழைய கோட்டைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தாள்.

"ஏரிக்குப் போ, வேண்டாங்கலை. ஆனா காத்து புகாத கோட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போ. இந்தச் சல்லடையைப் போட்டுக்கிட்டுப் போனே, திரும்பி வரும்போது கதவுல பூட்டு தொங்கும்."

கடைக்கு நானும் குஸ்மாவும் போனோம். குஸ்மா தைஸ்யாவின் தம்பி. தூங்கும்போது மட்டும் வாயை மூடுகிறவன். கடைக்காரன் பளபளவென்று ஒன்றை எடுத்துப் போட்டான். மலையேறுகிறவர்கள் போடுவதாம். எனக்கு எவன் போடுகிறான் என்பது முக்கியமில்லை. துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதினேன். மறுபக்கம் வைத்திருந்த உள்ளங்கையில் என் மூச்சு பட்டது. மூச்சு போகிற துணியில் ஒனேகாக் காற்று போகாதா?

"என்னடா, கோட்டுக்கெல்லாம் முத்தம் கொடுக்கறே? அக்காகிட்டச் சொல்லவா?" என்றான் குஸ்மா.

அடுத்ததில் மூச்சு போகவில்லை. ஆனால் பெட்டிமேல் உட்காருவது போலக் குந்திப் பார்த்தால் பின்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறிக்கொண்டது. இன்னொன்று நீளமெல்லாம் சரி, முன்னால் ஜிப். நம் மூச்சின் ஈரம் ஜிப்பில் விழுந்து உறைந்துவிட்டால் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஐஸில் உட்காருகிறவனுக்குப் பொத்தான்தான் வேண்டும். மேலே மூடிக்கொள்ள ஒரு பட்டையும் வேண்டும். கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. வெளியே வந்துவிட்டோம்.

சந்தையின் கடைசியில் ஒரு பெண் பனிச்சறுக்கு வண்டிமேல் படுக்கை விரிப்பைப் போட்டுப் பொருள்களைப் பரப்பியிருந்தாள். கம்பளி பூட்ஸ், ஐஸில் துளை போடும் துரப்பணம், ஒரு கோட்டு. கறுப்பு முக்காடு போட்டிருந்தாள். கோட்டு வெளியே தடித்த கித்தான், உள்ளே செம்மறித் தோல். குந்தினாலும் தொடையை மூடியது. பெரிய பொத்தான்கள் ஐந்து. நாலு கறுப்பு, கழுத்தில் இருந்தது மட்டும் பழுப்பு, அதற்கடியில் கித்தானில் சின்னதாக ஓர் ஒட்டு. எல்லாமே சிவப்பு நூலால் புதிதாகத் தைத்தவை.

வாயில் வைத்து ஊதினேன். மறுபக்கக் கைக்கு ஒன்றும் வரவில்லை. உதட்டில் மட்டும் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. என் மூச்சுதான் மோதித் திரும்பியது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

"யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"நாப்பது ஆச்சா?"

செத்தவர் துணிமணியை நாற்பது நாள் முடியாமல் நாங்கள் வீட்டை விட்டு வெளியே கொடுக்க மாட்டோம். அதுவரை அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பார். அவள் கோட்டின் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம், "ஏரிக்குத் தனியாவா போவீங்க?" என்றாள்.

"இந்த வாயாடியும் வருவான்."

"அப்ப சரி," என்றாள். பேரம் பேச வேண்டியே இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கோட்டு வெளி நடையில் ஆணியில் தொங்கியது. அடுப்புச் சூடு எட்டாத இடம். அங்கே வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. கோட்டுக்குள் கையை விட்டேன். சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றிக் கொடுத்தது போல…

"தைஸ்யா, இதை அடுப்புப் பக்கத்துல வெச்சிருந்தியா?"

"எனக்கு வேற வேலையில்லையா? நீ மாட்டின ஆணியிலயேதான் தொங்குது." வந்து ஐந்து பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். "அங்க போய் இதைத் திறந்தே, நான் விதவை. ஞாபகம் வெச்சுக்கோ."

சூடாக இருக்கிறது என்று கோட்டின்மேல் யாராவது குறை சொல்வார்களா? சந்தோஷமாகக் கிளம்பினேன்.

கரையிலிருந்து ஏரிக்குள் வழி தெரிவதற்காக ஃபிர் மரக் கிளைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனோம். காற்று வரும் என்று வானொலியில் சொல்லியிருந்ததால் வேறு யாரும் இல்லை. துளை போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். குஸ்மாவின் புருவம் பனி படிந்து வெளுத்துவிட்டது. நான் கையுறைகூடப் போடவில்லை. என் தோளில் விழுந்த பனி விழுந்த வேகத்தில் உருகியது.

"மச்சான், உள்ள அடுப்பு வெச்சிருக்கியா? எனக்கும் கொஞ்சம் இடம் குடேன்."

"உன் தொப்பைக்கு இதுல இடம் பத்தாதுடா."

மீன் சரியாகக் கடிக்கவில்லை. மதியம் குஸ்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டான். கரைப் பக்கம் நாலு துளை போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, கிளை வரிசையை ஒட்டியே போனான். கொஞ்ச நேரத்தில் வடக்குக் காற்று எழுந்தது. தரையோடு தரையாகப் பனி ஓட ஆரம்பித்தது. குஸ்மா மறைந்தான். பிறகு வானமும் மறைந்தது.

நல்ல பகல். கடிகாரம் பார்த்தேன். ஒன்று இருபது. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

பனி ஒரு நொடி விலகியது. வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

முதலில் குஸ்மா என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஆள் காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒனேகாவில் நாய்கூட அப்படி உட்காராது. மேலே வெறும் சட்டை. சட்டைக் கை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்ன ஆச்சு உங்களுக்கு?"

திரும்பவில்லை. பனி மூடியது. மறுபடி விலகியபோது அங்கே ஆளில்லை. பெட்டியில்லை. துளைகூட இல்லை.

கழுத்தில் காற்று சுரீர் என்று ஏறியது. தொட்டுப் பார்த்தேன். மேல் பொத்தான் திறந்திருந்தது.

போட்டேன்.

பிறகுதான் அந்தச் சூடு. முதுகில் வேர்த்தது. ஐஸில் வேர்க்கக் கூடாது, வேர்வை உறைந்தால் ஆளும் உறைவான். எனக்கு அது தெரியும். ஆனாலும் வேர்த்தது. கொதிக்கிற பானையில் இறக்கியது போல நெஞ்செல்லாம் தகித்தது. மேல் பொத்தான் மறுபடி திறந்திருந்தது.

போட்டேன். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கையும் தூண்டில் கட்டையைப் பிடித்திருந்தன.

பழுப்புப் பொத்தான் அசைந்தது. மெல்ல… உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளுவது போல… துளையைவிட்டு வெளியே வந்தது.

கத்த நினைத்தேன். அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்… ஹா… ஸ்ஸ்… ஹா…

மூச்சு. காலருக்குள்ளே. என் பிடரியில் சூடாகப் பட்டது.

என்னுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினேன்.

ஸ்ஸ்… ஹா…

கோட்டுக்குள் மூச்சு நிற்கவில்லை.

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கோட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடலாம் என்று கை துடித்தது. எறிந்தால்? கரை எங்கே என்று தெரியவில்லை. குஸ்மா எங்கே என்று தெரியவில்லை. வேர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் கால்மணி நேரம் தாங்க மாட்டேன். எறியாவிட்டால்… அது என்னோடு உள்ளே இருக்கும்.

தைஸ்யா காலையில் பொத்தான் போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் கோட்டின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்தேன். எழுந்தேன்.

பெட்டி போனால் போகட்டும். தூண்டில் போனால் போகட்டும். முதல் கிளையைப் பிடித்தேன். அடுத்தது தெரியும்வரை நின்றேன். நடந்தேன்.

"சூடா இருக்குல்ல…"

காதுக்குள். ஆண் குரல். அலுத்துப்போன குரல்.

"கழட்டிடு…"

நடந்தேன். இரண்டாவது பொத்தான் என் விரலுக்கு அடியில் புரண்டது. அழுத்தினேன்.

"கழட்டிடேன்…"

அடுத்த கிளை. அடுத்தது.

என் வலது உள்ளங்கைக்குள் யாரோ எதையோ திணித்தது போல இருந்தது. கையை இன்னும் இறுக மூடினேன்.

நடந்தேன்…

"டேய் யெஃபிம்! இங்க… இங்க வாடா!"

குஸ்மா. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவன்மேல் போய் விழுந்தேன்.

"மெதுவாடா," என்றான். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தான். "உன் பின்னாடி வர்ற ஆளு ஏன்டா கோட்டு இல்லாம வர்றான்?"

"எந்த ஆளு?"

குஸ்மா பார்த்துக்கொண்டே இருந்தான். வாயை மூடினான். கரை வரும்வரை, காரில், என் வீட்டு வாசல் வரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் தைஸ்யாதான் கோட்டைக் கழற்றினாள். ஐந்து பொத்தானும் போட்டபடியே இருந்தன என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். கோட்டு இப்போது ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. என் வலது கை மட்டும் விரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு கறுப்புப் பொத்தான். அறுந்த நூலும் கித்தான் துணுக்கு ஒன்றும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கோட்டைத் தூக்கிப் பார்த்தோம். நாலு கறுப்பு, ஒரு பழுப்பு. எதுவும் குறையவில்லை.

மறுநாள் சந்தையில் விசாரித்துக்கொண்டு, கோட்டை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனேன். அவள் பெயர் அன்ஃபீஸா. மாவு மில்லுக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்ததும் உள்ளே மேஜை தெரிந்தது. மேஜைமேல் ஒரு கிளாஸ் வோத்கா, அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. செத்தவருக்கு வைக்கிற பங்கு. நாற்பது முடிந்த வீட்டில் அது இருக்காது.

அவள் மூட்டையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கோட்டுக்கு என்ன என்றும் கேட்கவில்லை.

"ஐஸ்ல பொத்தானைக் கழட்டினீங்களா?" என்றாள்.

"இல்லை."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்திருந்தது, திட்டத்தான் போயிருந்தேன். அவள் அழுததைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

"பொய் சொல்லிட்டேன்," என்றாள். "நாப்பதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. என்னால முடியலைங்க. தெனம் காலையில அது ஆணியில சூடாத் தொங்கும். உங்களை மாதிரி துணைக்கு ஆள் இருக்கறவர் வாங்கினா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அவள் கணவன் லுக்கா பனிக்காற்றில் வழி தவறியவன். மறுநாள் கண்டுபிடித்தபோது அவன் தன் துளைக்குப் பக்கத்தில் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேலே வெறும் சட்டை. கோட்டு பக்கத்தில் கடையில் மடிப்பது போல மடித்து வைத்திருந்தது.

"விறைச்சுச் சாகறவங்களுக்குக் கடைசியில உடம்பு எரியுமாம். துணியைக் கழட்டிப் போட்டுடுவாங்களாம். டாக்டர் சொன்னார். பொத்தானைக்கூட ஒழுங்காக் கழட்டலை, பிச்சிருக்கார். ஆஸ்பத்திரியில அவர் கையைப் பிரிச்சாங்க. உள்ள பொத்தான் இருந்துச்சு. நாலு."

"நாலா?"

"கழுத்துப் பொத்தான் மட்டும் இல்லை. அவர் தம்பிங்க ஐஸைச் சுரண்டித் தேடினாங்க, கிடைக்கலை. அதுக்குப் பதிலாத்தான் பழுப்புப் பொத்தான் தெச்சேன்."

நான் மூட்டை முடிச்சில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த பொத்தானை மேஜைமேல் வைத்தேன்.

அவள் அதை எடுத்து, நூலைப் பார்த்தாள். கித்தான் துணுக்கைப் பார்த்தாள். கோட்டின் கழுத்தில் தான் ஒட்டுப்போட்டிருந்த கிழிசலில் அதைப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

எங்கே கிடைத்தது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"இன்னும் சூடா இருக்குங்க," என்றாள்.

அதைச் சட்டைப் பைக்குள் வைத்து நான் எடுத்து வரவில்லை. அந்தக் குளிரில், வெளியே தொங்கிய மூட்டையின் முடிச்சில் கட்டித்தான் அரைமணி நேரம் நடந்து வந்திருந்தேன்.